சீனாவின் சி.இ.டி.-4 ஆங்கிலத் தேர்வு: மாணவரை 425-ஐத் தாண்ட வைக்கும் வழி

சீனக் கல்லூரி மாணவர்களுக்கு நேரிலோ இணையத்திலோ ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தமிழர் யாராக இருந்தாலும், சீக்கிரமே சி.இ.டி. என்ற மூன்றெழுத்தில் வந்து முட்டிக்கொள்வார். 'காலேஜ் இங்கிலீஷ் டெஸ்ட்' என்பதன் சுருக்கம் இது. இதில் நான்காம் நிலை, ஆறாம் நிலை என்று இரண்டு உண்டு. ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாக எடுக்காத பொறியியல், வணிகம், மருத்துவம் படிக்கிறவர்கள்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். 1987-இல் தொடங்கிய இந்தத் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. மாணவர் நம்மிடம் வந்து உதவி கேட்டால் எங்கே தொடங்குவது, எதை விட்டுவிடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான்காம் நிலையைப் பற்றித்தான் பேச்சு. ஆறாம் நிலை ஆங்காங்கே வரும்.

முதலில் ஒரு விஷயம். இது ஆங்கிலத் தேர்வுதான். ஆனால் வாசிப்புக்கும் மொழிபெயர்ப்புக்குமான எழுபது நிமிடத்தை எப்படிப் பங்குபோடுவது, எந்தக் கேள்விக்கு எவ்வளவு விலை என்று தெரியாமல் உட்கார்ந்தால், ஓரளவு நல்ல ஆங்கிலம் உள்ளவரும் 400-இல் நின்றுவிடுவார். ஆகவே கணக்கிலிருந்து ஆரம்பிப்போம்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது?

முழு மதிப்பெண் 710. 2005-இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு தேர்ச்சி, தோல்வி என்று அறிவிப்பதில்லை. மதிப்பெண் அறிக்கை மட்டும் தருகிறார்கள். ஆனால் நான்காம் நிலையில் 425 இருந்தால்தான் ஆறாம் நிலை எழுத முடியும். அதனால் 425 என்பதே நடைமுறையில் தேர்ச்சிக் கோடாகிவிட்டது. பட்டம் பெற இந்தத் தேர்வைக் கட்டாயமாக்கிய பல்கலைக்கழகங்கள் மெல்ல மெல்ல அதைத் தளர்த்தி வருகின்றன. சியான் ஜியாதோங் பல்கலைக்கழகம் 2023-இல் அந்த நிபந்தனையை நீக்கியது பெரிய செய்தியானது. ஆனாலும் வேலைக்கு எடுப்பவர்கள் கேட்கிறார்கள். ஷாங்காயில் வெளியூர்ப் பட்டதாரிகள் 'ஹுகோ' எனும் குடியிருப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது போடும் புள்ளிக்கணக்கிலும் இதற்கு இடம் உண்டு. மாணவரின் பதற்றம் சும்மா வந்ததல்ல.

பங்கீடு இப்படி: கட்டுரை 15 விழுக்காடு, கேட்டல் 35, வாசிப்பு 35, மொழிபெயர்ப்பு 15. ஒவ்வொரு கேள்வியின் எடையையும் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். கேட்டலில் செய்திகளும் உரையாடல்களும் கேள்விக்கு 7.1, நீண்ட பத்திகள் 14.2. வாசிப்பில் சொல் நிரப்புதல் 3.55, பத்தி பொருத்துதல் (ஒரு கூற்று கட்டுரையின் எந்தப் பத்தியில் வருகிறது என்று கண்டுபிடிப்பது) 7.1, கவன வாசிப்பு (ஒரு பகுதியைப் படித்து விடையைத் தேர்வது) 14.2. அதாவது சொல் நிரப்புதலில் நான்கு இடங்களைச் சரியாகப் போட்டால்தான் கவன வாசிப்பின் ஒரே ஒரு கேள்விக்கு ஈடாகும். ஆனால் வினாத்தாளில் சொல் நிரப்புதல்தான் முதலில் நிற்கிறது. வரிசையாகப் போகிற மாணவர் அங்கே இருபது நிமிடம் மூழ்கிவிட்டு, 142 மதிப்பெண் காத்திருக்கும் இடத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்.

ஒரு மாதிரிக் கணக்கு. கட்டுரையிலும் மொழிபெயர்ப்பிலும் 15-க்கு 8 வீதம் என்றால் 113.6. வாசிப்பில் கவன வாசிப்பு 10-க்கு 7, பொருத்துதல் 10-க்கு 7, சொல் நிரப்புதல் 10-க்கு 4 என்றால் 163.3. கேட்டலில் செய்தி 7-க்கு 4, உரையாடல் 8-க்கு 5, நீண்ட பத்தி 10-க்கு 6 என்றால் 149.1. கூட்டினால் 426. உண்மையில் மூல மதிப்பெண்ணை ஓர் ஒப்பீட்டுக் குழுவோடு வைத்து மாற்றித்தான் அறிக்கையில் போடுகிறார்கள், அதனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இந்தக் கணக்கை மாணவரிடம் காட்டிவிடுங்கள். எல்லாவற்றிலும் புலியாக வேண்டியதில்லை என்று தெரிந்ததும் பாதி பயம் போய்விடும்.

படி 1: ஒரு முழுத் தாளை நேரம் வைத்து எழுத வையுங்கள்

பயிற்சி தொடங்கும் முதல் வாரமே, எந்தத் தயாரிப்பும் இல்லாமல், ஒரு பழைய அசல் வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதட்டும். கட்டுரை 30 நிமிடம், கேட்டல் 25, வாசிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து 70. பதிப்பகங்கள் தயாரிக்கும் மாதிரித் தாள்கள் வேண்டாம். கடினத்தின் அளவு சரியாக இருக்காது. அசல் தாள்கள் எங்கும் கிடைக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கு மேற்பட்ட தாள்கள் இருப்பதால் பஞ்சம் இல்லை.

எந்த ஆண்டுத் தாள் என்பது முக்கியம். மொழிபெயர்ப்பு முழுப் பத்தியாக மாறியது 2013 டிசம்பரில். குறு உரையாடலும் சொல்வதெழுதுதலும் போய், செய்திகள் வந்தது 2016 ஜூனில். அதற்கு முந்தைய தாளை வைத்துக் கேட்டல் பயிற்சி செய்வது வீண் வேலை.

திருத்தும்போது எத்தனை தவறு என்பதை விட, ஏன் தவறு என்று பாருங்கள். சொல் தெரியாமல் போனதா, சொல் தெரிந்தும் காதில் விழாமல் போனதா, நேரம் போதவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

படி 2: சொற்கள்

நான்காம் நிலைக்குச் சுமார் 4500 சொற்கள் என்பார்கள். அதில் பெரும்பகுதியை மாணவர் பள்ளியிலேயே பார்த்திருப்பார். அகரவரிசைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பெரும்பாலோர் இரண்டாவது எழுத்துக்கே போவதில்லை. பாய்ட்ஸுஜான், மோமோ போன்ற சொல் கற்கும் செயலிகளை எப்படியும் வைத்திருப்பார்கள். காலையில் அரை மணி நேரம் அதில் போகட்டும், தப்பில்லை. ஆனால் அசல் தாளில் தடுக்கிவிட்ட சொல்தான் முதலில் நோட்டுக்குப் போக வேண்டும், அது வந்த வாக்கியத்தோடு சேர்த்து.

படி 3: கேட்டல்

அதிகம் உழைக்க வேண்டிய இடம் இதுதான். மூன்று செய்தி, இரண்டு உரையாடல், மூன்று நீண்ட பத்தி, மொத்தம் 25 கேள்வி. எல்லாம் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். கேள்வி தாளில் அச்சாகியிருக்காது. நான்கு விடைகள் மட்டும் இருக்கும். கேள்வியையும் காதால்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே முதல் பயிற்சி, விடைகளைப் படித்துக் கேள்வியை ஊகிப்பது. நான்கு விடையும் 'டு' போட்டு ஆரம்பித்தால் கேள்வி நோக்கத்தைப் பற்றியது. நான்கும் 'ஹி', 'ஷி' என்று ஆரம்பித்தால் யார் என்ன செய்தார் என்பது. விடைகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்ச்சொல்லை அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஒலிக்கப்போவது எதைப் பற்றி என்று பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது பொறி எங்கே வைக்கிறார்கள் என்று பழகுவது. ஓர் உதாரணம் நானே சொல்கிறேன். ஒரு நகர நூலகத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று செய்தி. பலத்த மழைதான் காரணம் என்று முதலில் ஊழியர்கள் நினைத்தார்களாம். ஆனால் இரண்டாம் மாடியில் குழாய் உடைந்தது பிறகு தெரியவந்ததாம். கேள்வி: தண்ணீர் எப்படி வந்தது? விடை 'ஏ'-வில் பலத்த மழை இருக்கும், அதே சொற்களில். விடை 'சி'-யில் குழாய் என்ற சொல்லே இருக்காது. கட்டடத்தின் உள்ளே ஏற்பட்ட பழுது என்று வேறு வார்த்தையில் இருக்கும். காதில் விழுந்த சொல்லை அப்படியே தாளில் பார்த்ததும் கை தானாக அங்கே போகும். 'பட்', 'ஹவ்எவர்', 'இன் ஃபேக்ட்', 'இட் டர்ன்ஸ் அவுட்' போன்றவை வந்தால் பென்சிலை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அதற்கு அடுத்த வரியில்தான் பெரும்பாலும் விடை இருக்கும்.

மூன்றாவது, ஒரே ஒலிப்பதிவைப் பிழிவது. நாளுக்கு ஒரு தாள் கேட்டுத் தள்ளும் மாணவருக்குக் காது முன்னேறுவதில்லை. ஒரு செய்தியை எடுங்கள். முதலில் தேர்வு போல ஒரு முறை. பிறகு வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டால் உண்மை தெரியும். எழுதாமல் விட்டவற்றில் பாதி அவருக்கு நன்றாகத் தெரிந்த சொற்களாகவே இருக்கும். 'குட் ஹாவ் பீன்' என்பது பேச்சில் 'குடவ்பின்' என்று ஒட்டிக்கொண்டு ஓடுகிறது; 'அன் அவர் அகோ' என்பது ஒரே சொல்லாகக் கேட்கிறது. சீன மொழி அசை அசையாகப் பிரிந்து ஒலிப்பது. இப்படி ஒரு சொல்லின் கடைசி மெய்யை அடுத்த சொல்லோடு ஒட்டுவது அவர்கள் காதுக்குப் பழக்கமில்லை. அதனால் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, ஒலிப்பதிவின் கூடவே வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். தன் வாயால் ஒட்டிச் சொன்ன பிறகுதான் காது அதை அடையாளம் காணும். இருபது நிமிடத்துக்கு ஒரு செய்தி போதும். தினமும் செய்ய வேண்டும், அதுதான் முக்கியம்.

நீண்ட பத்திகளின் பத்துக் கேள்வியும் 14.2 வீதம். செய்தி நன்றாகக் காதில் விழ ஆரம்பித்ததும் பயிற்சி நேரத்தை இதற்கு மாற்றிவிடுங்கள். கேள்விகள் பொதுவாகப் பத்தியின் வரிசையிலேயே வரும். ஒரு கேள்வி கைவிட்டுப் போனால் அதையே நினைத்துக்கொண்டிருக்காமல் அடுத்ததற்குத் தாவப் பழக வேண்டும். சொல்வது எளிது, செய்வது கஷ்டம்; அதற்கும் பயிற்சிதான்.

படி 4: வாசிப்பு

70 நிமிடத்துக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் இரண்டு கவன வாசிப்புப் பத்திகள், 22 நிமிடம். அடுத்து மொழிபெயர்ப்பு, 25 நிமிடம். பிறகு பத்தி பொருத்துதல், 15 நிமிடம். மீதியில் சொல் நிரப்புதல். சிலர் மொழிபெயர்ப்பை முதலில் முடிப்பார்கள், அதுவும் சரி. சொல் நிரப்புதல் மட்டும் முன்னால் வரக் கூடாது.

கவன வாசிப்பில் முதலில் கேள்வியைப் படிக்கட்டும், விடைகளை அல்ல. கேள்வியில் உள்ள பெயர், ஆண்டு, இடம் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு பத்திக்குள் போனால் விடை இருக்கும் இடங்கள் வரிசையாக வந்து நிற்கும். அங்கே இரண்டு மூன்று வாக்கியங்களை மெதுவாகப் படித்துவிட்டு, அப்புறம்தான் விடைகள். பத்தியில் எச்சரிக்கையாக 'சிலர்', 'இருக்கலாம்' என்று சொன்னதை 'எல்லோரும்', 'எப்போதும்' என்று பெரிதாக்கியிருக்கும் விடையை அடித்துவிடலாம்.

பத்தி பொருத்துதலில் வரிசை கிடையாது, ஒரே பத்தி இரண்டு கூற்றுகளுக்கும் விடையாகலாம். பத்துக் கூற்றுகளையும் முதலில் படித்து, ஒவ்வொன்றிலும் மாற்றி எழுத முடியாத ஒன்றை — எண், பெயர், அமைப்பு — வட்டமிட வேண்டும். பிறகு கட்டுரையை ஒரே ஓட்டமாகப் படிப்பது. ஒவ்வொரு கூற்றுக்காகவும் கட்டுரையை மறுபடி மேய்வதுதான் நேரத்தைத் தின்கிறது.

சொல் நிரப்புதல்: 15 சொல், 10 இடம். பெயர், வினை, பெயரடை, வினையடை என்று பிரித்து எழுதிவிட்டு, எந்த இடத்துக்கு எந்த வகை என்று மட்டும் பார்த்தாலே நான்கைந்து விழும். அதற்கு மேல் முயல வேண்டாம்.

படி 5: மொழிபெயர்ப்பு

140 முதல் 160 எழுத்துகள் கொண்ட ஒரு சீனப் பத்தியை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சீனம் தெரியாத ஆசிரியர் இங்கே ஒதுங்கிவிடத் தேவையில்லை. உண்மையில் தமிழர் நன்றாக உதவக்கூடிய பகுதி இது.

தலைப்புகள் பெரும்பாலும் சீன வரலாறு, பண்பாடு, பொருளாதாரம், சமூக வளர்ச்சி. 2013 டிசம்பரில் தேநீர், சீன முடிச்சு, சமையல். 2017 ஜூனில் யாங்சி, மஞ்சள் ஆறு, முத்து ஆறு. அதே ஆண்டு டிசம்பரில் தாய்ஷான், ஹுவாங்ஷான், ஹுவாஷான் மலைகள். 2019 ஜூனில் சிங்க நடனம், காகித வெட்டுக்கலை, விளக்குகள். கொரோனாவால் 2020 ஜூலைக்குத் தள்ளிப்போன தேர்வில் ஹாட்பாட், மாவ்தாய் மது, யுன்னானின் 'பாலம் கடக்கும்' நூடுல்ஸ். பசியோடு எழுதியவர்கள் பாடு என்ன ஆனதோ! ஆக, ஆறு, மலை, பண்டிகை, உணவு, கைவினை, அரசமரபு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைத் தனியாகச் சேர்த்து வைப்பது பயன் தரும்.

ஆனால் மதிப்பெண் போவது பெரும்பாலும் சொல்லால் அல்ல, வாக்கியத்தால். மஞ்சள் ஆற்றைப் பற்றிச் சீனத்தில் இப்படி வரும்: 'மஞ்சள் ஆறு மொத்த நீளம் 5464 கி.மீ., ஒன்பது மாகாணங்கள் வழியாக ஓடுகிறது, போஹாய் கடலில் கலக்கிறது.' மூன்று துண்டு, நடுவில் காற்புள்ளி. மாணவர் இதை அப்படியே மூன்று ஆங்கில வாக்கியங்களாக்கிக் காற்புள்ளியால் ஒட்டிவிடுவார். சீனத்தில் வினை உருமாறுவதில்லை, அதனால் எது தலைமை வினை என்று அவருக்கு உறுத்தாது. தமிழில் இதையே 'நீண்டு, ஓடி, கலக்கிறது' என்று எச்சங்களாக்கி ஒரே முற்றில் முடிக்கிறோம். எது முற்று என்று பார்க்கும் நம் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுங்கள். முற்றுகளைத் தேர்ந்தெடுத்த பிறகு மற்றதை 'விச்', 'வித்' போட்டுத் தொங்கவிடலாம்: 'தி யெல்லோ ரிவர், விச் இஸ் 5464 கிலோமீட்டர்ஸ் லாங், ஃப்ளோஸ் த்ரூ நைன் ப்ராவின்ஸஸ் அண்ட் எம்ப்டீஸ் இன்டு தி போஹாய் சீ.'

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. 'வடக்கே ஓடும் ஆறு' என்று அடைமொழியைப் பெயருக்கு முன்னால் வைப்பது தமிழுக்கும் சீனத்துக்கும் பொது; ஆங்கிலத்தில் நீண்ட அடைமொழி பின்னால் போகும். 'ஏ', 'தி' இரு மொழியிலும் இல்லை. நாம் தடுக்கி விழுந்த இடத்தில்தான் அவர்களும் விழுகிறார்கள், ஆகவே எங்கே கல் கிடக்கிறது என்று நமக்குத் தெரியும். எழுதி முடித்ததும் கடைசி மூன்று நிமிடம் சரிபார்ப்பு: ஒவ்வொரு எண்ணத்தக்க பெயருக்கும் முன்னால் 'ஏ', 'தி' அல்லது பின்னால் 'எஸ்' இருக்கிறதா, வரலாறு என்றால் இறந்தகாலம் போட்டிருக்கிறதா.

தெரியாத சொல் வந்தால் இடம் விடக் கூடாது. எளிய சொற்களில் சுற்றி எழுதலாம். பெயர் என்றால் பின்யினில், அதாவது சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையில், எழுதலாம்.

படி 6: கட்டுரை

120 முதல் 180 சொல், 30 நிமிடம். திருத்துபவர்கள் பிழை பிழையாக எண்ணிக் கழிப்பதில்லை. மொத்தமாகப் படித்து 14, 11, 8, 5, 2 என்ற படிகளில் ஒன்றில் வைத்து, ஒரு மதிப்பெண் கூட்டியோ குறைத்தோ போடுகிறார்கள். நிறைய தாள் திருத்துகிறவர் கண்ணில் முதலில் படுவது கையெழுத்தும் முதல் வாக்கியமும். அதனால் மூன்று பத்தி, தெளிவான முதல் வரி, அடித்தல் குறைவு.

இணையத்தில் சுற்றும் ஆயத்த வாக்கியங்களை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அவை வேண்டவே வேண்டாம் என்று சொன்னால் மாணவர் கேட்கமாட்டார். ஒரு சமரசம்: இணைப்புச் சொற்களை மனப்பாடம் செய்யட்டும், ஆனால் நடுப் பத்தியில் ஒரு சொந்த உதாரணம் கட்டாயம். விடுதி அறை, கேன்டீன், ஹைஸ்பீடு ரயில் என்று ஏதோ ஒன்று. வாரம் ஒரு கட்டுரை போதும், ஆனால் திருத்தியதை மறுபடி எழுத வேண்டும்.

எப்போது தொடங்குவது?

டிசம்பர் தேர்வு என்றால் செப்டம்பரில், ஜூன் என்றால் மார்ச்சில். பதிவும் அதையொட்டித்தான், மாணவர் தன் பல்கலைக்கழகம் வழியாகவே செய்ய வேண்டும். முதல் மாதம் சொல்லும் கேட்டல் பிழிதலும். இரண்டாம் மாதம் கவன வாசிப்பும் மொழிபெயர்ப்பும் சேரும். கடைசி மாதம் வாரம் ஒரு முழுத் தாள், அதுவும் காலை ஒன்பது மணிக்கு, ஏனென்றால் நான்காம் நிலை நடப்பது காலையில். இரவு ஒரு மணிக்கு விடுதியில் செய்யும் பயிற்சியால் காலை ஒன்பதரைக்குக் காது திறக்காது. பேச்சுத் தேர்வு தனி, கணினியில் நடக்கும். வேண்டுமென்றால் மட்டும் எழுதலாம்.

தேர்வு நாள்

பல கல்லூரிகளில் கேட்டல் பகுதி எஃப்.எம். அலைவரிசையில் ஒலிக்கும். எஃப்.எம். ஹெட்போன் மாணவர் கையில் இருக்க வேண்டும். முன்கூட்டியே கல்லூரி சோதனை ஒலிபரப்பு வைத்தால், தேர்வு எழுதும் கட்டடத்துக்கே போய்க் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புது பேட்டரி, கூடுதலாக இரண்டு. அடையாள அட்டை, அனுமதிச் சீட்டு, கறுப்பு மை பேனா, 2பி பென்சில். தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

முதலில் கட்டுரை. தலைப்பு வினாத்தாள் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும். கேட்டல் தொடங்கும்வரை உள்ளே திறந்து பார்க்கக் கூடாது. பார்கோடை விடைத்தாளில் ஒட்ட மறந்தால் பெரிய தலைவலி. எல்லாவற்றையும் விட முக்கியமானது: கேட்டல் முடிந்ததும் முதல் விடைத்தாளை வாங்கிவிடுவார்கள். வினாத்தாளில் குறித்து வைத்துவிட்டுப் பிறகு வட்டங்களை நிரப்பலாம் என்று விட்டவர் 25 கேள்வியையும் இழப்பார். ஒவ்வொரு கேள்விக்கும் பின் வரும் இடைவெளியிலேயே நிரப்பப் பழக்குங்கள், முதல் மாதிரித் தேர்விலிருந்தே.

தேர்வுக்கு முந்தைய நாட்களில் க்யூக்யூ, வீசாட் குழுக்களில் 'கசிந்த விடை' விற்க ஆள் வரும். மோசடி அது. ஒரே அறையில் வெவ்வேறு தாள்கள் கொடுக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரரின் விடையே உதவாதபோது இது எங்கே உதவும்? மாட்டினால் மதிப்பெண் மொத்தமும் போகும்.

முடிவு ஜூன் தேர்வுக்கு ஆகஸ்ட் இறுதி வாக்கிலும், டிசம்பர் தேர்வுக்குப் பிப்ரவரி இறுதி வாக்கிலும் வருவது வழக்கம். அறிக்கையில் கேட்டல் 249-க்கு, வாசிப்பு 249-க்கு, கட்டுரையும் மொழிபெயர்ப்பும் 212-க்கு என்று தனித்தனியாக இருக்கும். மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மாணவர் மூடிவிடுவார், நீங்கள் அதை வாங்கிப் பாருங்கள். 425-க்கு மேல் வந்து ஆறாம் நிலைக்குப் போகிறார் என்றால், அங்கே கேட்டலில் செய்தி இல்லை. மூன்று விரிவுரைகள் இருக்கின்றன, பத்துக் கேள்வி, 20 விழுக்காடு. கேட்டல் எண் சிறியதாக இருந்தால் அடுத்த பயிற்சியை விரிவுரையிலிருந்தே தொடங்குங்கள்.